பார்சல் வேண்டாம், பந்தியில் இடம் வேண்டும்: கோயில் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் அறங்காவலர் குழுவினருக்கும் செயல் அலுவலருக்கும், இதே போன்ற பலகையைத் தத்தம் கோயில்களில் மாட்டியிருக்கும் அல்லது மாட்ட எண்ணியிருக்கும் பிற நிர்வாகத்தினருக்கும்,

சென்ற மாதம் அன்னதானக் கூடத்தின் வாசலில் ஒரு பலகை மாட்டினீர்கள். நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்து, இரண்டே வரி. "வெளி உணவு, பாத்திரங்கள், சாதனங்கள் கொண்டுவர அனுமதி இல்லை. சக்கர நாற்காலிகளுக்குக் கொடிமரம் வரை மட்டுமே அனுமதி." முதல் வரி என் மகனைப் பந்தியிலிருந்து எழுப்பியது, இரண்டாவது வரி அவனைச் சந்நிதியிலிருந்து விலக்கியது. நேரில் வந்து பேசினேன், எழுத்துமூலம் மனுவும் கொடுத்தேன். "உங்களுக்குப் பார்சல் கொடுக்கச் சொல்லியிருக்கிறோமே, வேறென்ன வேண்டும்?" என்பதுதான் வாய்மொழியாகக் கிடைத்த பதில். வேறென்ன வேண்டும் என்பதை எல்லோரும் படிக்கும்படி எழுதவேண்டிய நிலைக்கு வந்திருக்கிறேன்.

என் மகனுக்கு வயது 12. செரிபிரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதத்துடன் வளர்பவன். தலையையும் இடுப்பையும் தாங்கிப் பிடிக்கும்படி அவன் உடம்புக்கென்றே அளவெடுத்துச் செய்த நாற்காலியில்தான் அவனால் நிமிர்ந்து உட்கார முடியும். சொற்களாகப் பேச மாட்டான். ஆனால் தேரடித் தெருவில் ஆட்டோ திரும்பியதுமே, கோபுரம் கண்ணில் படும் முன்பே, பூக்கடை வாசனையை வைத்து இடத்தைக் கண்டுகொண்டு தொண்டையிலிருந்து ஓர் ஓசை எழுப்பத் தொடங்கிவிடுவான். எங்கள் வீட்டில் அதற்குக் 'கோயில் சத்தம்' என்று பெயர். பள்ளிக்குப் போகும்போதும் மருத்துவமனைக்குப் போகும்போதும் அது வருவதில்லை.

அவன் நட்சத்திரம் வரும் நாளில், அதாவது 27 நாளுக்கு ஒருமுறை, அர்ச்சனை செய்துவிட்டு அன்னதானத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு வருவது ஒன்பது ஆண்டுகளாக எங்கள் குடும்ப வழக்கம். தொடக்க காலத்தில் நாங்களும் பரிகாரம் தேடி அலைந்தவர்கள்தாம். இன்ன தலத்தில் இத்தனை வாரம் விளக்குப் போட்டால் பிள்ளை நடந்துவிடுவான் என்று யார் சொன்னாலும் கிளம்பினோம். பூர்வஜென்ம பாவம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்களையும் பொறுத்துக்கொண்டோம். ஒரு கட்டத்தில் என் மனைவிதான், "இவனைச் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்டது போதும், இனிமேல் இவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருவோம்" என்றாள். அன்றிலிருந்து கோயிலுக்குப் போவது எங்களுக்கு இலேசாகிவிட்டது. வேண்டுதல் எதுவும் இல்லாமல் வரும் குடும்பத்தைத்தான் நீங்கள் வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள்.

அவன் சாப்பிடுவதை உங்களில் ஒருவராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அந்தப் பலகையின் முதல் வரி எழுதப்பட்டிருக்காது என்று நம்புகிறேன். ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அவனால் மெல்ல முடியாது. வாயில் வைத்ததைப் பற்களுக்கு இடையில் கொண்டுபோக வேண்டிய நாக்கு அதை வெளியே தள்ளிவிடும். தண்ணீராக ஓடும் எதுவும் அவன் விழுங்கத் தயாராகும் முன்பே தொண்டையில் இறங்கி மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்விடும். நமக்கென்றால் புரையேறும், இருமித் தள்ளிவிடுவோம். அவனுக்குச் சில வேளைகளில் இருமலே வராமல், ஓசையின்றி நுரையீரலுக்குள் இறங்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த நிமோனியாவில் ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தோம். அதன் பிறகு அவனுக்கு எல்லாச் சாப்பாடும் ஒரே பதம்தான்: கரண்டியைச் சாய்த்தால் ஓடக் கூடாது, கட்டியாகவும் நிற்கக் கூடாது, ஒரே திரளாக வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

இதனால் பிரசாதங்களைப் பார்க்கும் கண்ணே எங்களுக்கு மாறிப்போய்விட்டது. பஞ்சாமிர்தம் அவனுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். கற்கண்டையும் பேரீச்சையையும் எடுத்துவிட்டால் போதும். சர்க்கரைப் பொங்கலில் முந்திரியையும் ஏலக்காய்த் தோலையும் பொறுக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் நெய் விட்டு மசிக்க வேண்டும். புளியோதரை ஆகவே ஆகாது, பருக்கை பருக்கையாக நிற்கும், போதாததற்கு நிலக்கடலை வேறு. பிரதோஷத்துச் சுண்டலை அவன் கையில் தொடவைத்துவிட்டு நாங்கள் சாப்பிட்டுவிடுவோம். அபிஷேகப் பாலில் ஒரு விரலை நனைத்து உதட்டில் தடவுவேன். அதை நாக்கால் தேடிப் பிடித்துச் சப்புவதற்கே அவனுக்கு ஒரு நிமிடம் ஆகும், அந்த ஒரு நிமிடமும் முகம் மலர்ந்திருக்கும்.

அன்னதானத்தில் எங்களுக்கும் மற்றவர்களுக்குப் போலவே இலை போடுவார்கள். அவன் இலையில் விழும் சாம்பார் சோற்றைத்தான் நாங்கள் கொண்டுவரும் கிண்ணத்துக்கு மாற்றுவோம். முதலில் மிளகாயையும் கறிவேப்பிலையையும் எடுத்துவிட்டு, சிறு மத்தால் மசித்து, பிறகு சன்னக் கண் வடிகட்டியில் போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்ப்போம். அடியில் வழியும் கூழை ஃப்ளாஸ்கில் இருக்கும் வெந்நீர் இரண்டு சொட்டு விட்டுப் பதம் பார்ப்போம். எஃகுக் கரண்டி வாய்க்குள் போனால் அவனை அறியாமல் பற்கள் இறுகிக் கடித்துவிடும் என்பதால் மெத்தென்ற சிலிக்கான் கரண்டி. கிண்ணம், மத்து, வடிகட்டி, கரண்டி, ஃப்ளாஸ்க் ஆகிய இந்த ஐந்தும்தான் உங்கள் பலகை தடை செய்திருக்கும் பாத்திரங்களும் சாதனங்களும். வெளி உணவு என்று ஒரு பருக்கையும் நாங்கள் கொண்டுவந்ததில்லை. கோயில் சோறு அவன் வயிற்றுக்குள் போக வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை பாடும்?

ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் இடையில் அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அதனால் அவன் சாப்பிட 40 நிமிடம் ஆகும். பந்தி 20 நிமிடத்தில் எழுந்துவிடும். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கடைசித் தூண் ஓரத்தில் உட்கார்வோம், ஒரு பந்தி எழுந்து அடுத்த பந்தி உட்கார்ந்து அதுவும் பாதி ஆகும்போது அவன் முடிப்பான். இரண்டு பந்தியோடு சேர்ந்து சாப்பிடுகிற ஆள் இந்தக் கோயிலிலேயே இவன் ஒருவன்தான் என்று பரிமாறுகிற அம்மா ஒருவர் கேலியாகச் சொல்வார். அந்தக் கேலி எங்களுக்குப் பிடிக்கும்.

பலகை மாட்டிய பிறகு நாங்கள் வந்த அன்று, மசித்து முடித்து முதல் கரண்டியை எடுத்த நேரத்தில் கூடத்தின் ஊழியர் வந்து பலகையைக் காட்டினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எங்களை ஆண்டுக்கணக்காக அறிந்தவர், தலை நிமிராமல்தான் பேசினார். இலையில் இருந்ததை டப்பாவில் போட்டு, சாம்பாரைத் தனியாகப் பிளாஸ்டிக் பையில் முடிந்து கையில் கொடுத்தார். காலணி காப்பகத்துக்குப் பக்கத்துத் திண்ணையில் நிழல் இருந்தது. அங்கே வைத்து ஊட்டப் பார்த்தோம். அவன் வாயை மூடிக்கொண்டான். பசி இல்லாமல் இல்லை. தலையைக் கூடத்தின் பக்கமே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் கழித்துக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினோம்.

பார்சல் தருவது உங்கள் பார்வையில் ஒரு சலுகை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் வீட்டில் சோறு இருக்கிறது. கல்யாண வீடுகளில், பந்தி மாடியில் நடக்கிறது, நீங்கள் கீழே அறையிலேயே இருங்கள், சாப்பாடு கொண்டுவந்து தருகிறோம் என்று சொல்லிவிடுவார்கள், அன்போடுதான் சொல்வார்கள். அவன் போகும் சிறப்புப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையாகத் தனியாக அழைத்துத்தான் ஊட்ட முடிகிறது. உறவினர் வீடுகளில், எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் இவன் முறை வரும். முன்பின் தெரியாத மனிதர்கள் இருபக்கமும் உட்கார்ந்திருக்க, தன் இலையிலும் சோறு விழுவதைப் பார்த்துக்கொண்டு அவன் சாப்பிடுகிற ஒரே இடம் உங்கள் கூடம்தான். கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002ஆம் ஆண்டு தொடங்கப்பட்டபோது பசித்தவர்களுக்குச் சோறு என்பதோடு, யாரும் யாரோடும் சேர்ந்து உட்காரலாம் என்பதும் அதில் அடங்கியிருந்ததாகவே என்னைப் போன்றவர்கள் எடுத்துக்கொண்டோம்.

தூய்மையும் பாதுகாப்பும்தான் காரணம் என்கிறது உங்கள் விளக்கம். பேசிக்கொண்டிருக்கும்போது அலுவலகத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்தி வேறொன்று சொன்னார்: எதிரே சாப்பிடுகிறவர்களுக்கு எச்சில் ஒழுகுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறதாம், யாரோ ஒரு பக்தர் புகார் எழுதிக் கொடுத்தாராம். உண்மைக் காரணம் அதுவென்றால் அதைப் பலகையில் எழுதுங்கள், நாங்களும் தெரிந்துகொள்வோம். அவன் கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும், பையில் இன்னும் நான்கு இருக்கும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் மூன்று துண்டு மாற்றுவோம். நாங்கள் எழுந்த இடத்தில் ஒரு பருக்கை கிடந்ததாக இந்த ஒன்பது ஆண்டுகளில் யாரும் சொன்னதில்லை. சங்கடப்பட்ட அந்தப் பக்தர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவருடைய சங்கடம் விதியாகவும் என் மகனுடைய பசி விதிவிலக்காகவும் ஆனதுதான் என் வருத்தம்.

இரண்டாவது வரிக்கு வருகிறேன். தெருவில் ஓடிய சக்கரம் உள்ளே வந்தால் அசுத்தம் என்கிறீர்கள். அது நியாயமான கவலைதான். ஆகவே வாசலிலேயே இரண்டு பாட்டில் தண்ணீர் ஊற்றிச் சக்கரங்களைக் கழுவி, பழைய வேட்டித் துணியால் துடைத்த பிறகுதான் இத்தனை காலமும் உள்ளே தள்ளிவந்தேன். கோயிலில் இருக்கும் சக்கர நாற்காலிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னீர்கள். அது முதியவர்களுக்கான சாதாரண நாற்காலி, தலைத் தாங்கல் கிடையாது. அதில் வைத்தால் அவன் நழுவிக் கீழே வந்துவிடுவான். "தூக்கிக்கொண்டு போங்களேன், மூன்று படிதானே" என்றும் ஒருவர் சொன்னார். மூன்று வயதில் தூக்கினேன். இப்போது அவன் 31 கிலோ, விறைத்துக்கொண்டால் அதைப் போல் இருமடங்கு கனக்கும். எனக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது, ஈரக் கல்லில் ஒருநாள் இருவரும் சேர்ந்து விழுவோம்.

அந்த மூன்று படிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெருந்திருவிழாவில் சுவாமியின் சகடை இறங்குவதற்காக அதே படிகளின் மேல் நீங்களே மரப்பலகை போடுகிறீர்கள். அது கிடக்கும் பத்து நாளும் யாரும் தூக்காமலே, நான் தள்ளிவர, என் மகன் தன் நாற்காலியிலேயே அதில் ஏறிவருவான். கொடி இறங்கியதும் பலகையும் கிடங்குக்குப் போய்விடும். சுவாமி வருவதும் சக்கரத்தின் மேல்தான் என்பதை நான் குத்தலாகச் சொல்லவில்லை, கல்லை உடைக்காமலே வழி செய்ய முடியும் என்பதற்குச் சான்றாகச் சொல்கிறேன். உயரத்தைப் போல் 12 மடங்கு நீளம் என்பது சாய்தளத்துக்கான கணக்கு. படி ஒன்றுக்கு 15 சென்டிமீட்டர் வீதம் மூன்று படிக்கு 45 சென்டிமீட்டர், 5.4 மீட்டர் நீளமுள்ள, கழற்றி மாட்டக்கூடிய ஒரு மரச் சாய்தளம் போதும். தச்சர் ஒருவருக்குச் சில நாள் வேலை.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவதாக எண்ண வேண்டாம். 'சலுகை' என்ற சொல் உங்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததால் சொல்ல வேண்டியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடம் என்பதை வரையறுக்கும்போது சமயச் செயல்பாடுகளுக்குப் பயன்படும் கட்டடங்களையும் பெயர்சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை அணுகத் தக்கனவாக மாற்ற அது கொடுத்த காலம், விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்து ஆண்டு. விதிகள் வந்தது 2017இல். ஒருவருடைய தேவைக்கேற்ப நியாயமான சிறு மாற்றங்களைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடுதான் என்கிறது அதே சட்டம். வடிகட்டிக்கு அனுமதி கேட்பதைவிடச் சிறிய மாற்றம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. இது என் ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களும் தொண்டையில் சிகிச்சை பெற்றவர்களும் உங்கள் பலகையைப் படித்துவிட்டு எதுவும் சொல்லாமல் திரும்பிப் போயிருப்பார்கள்.

தெற்குச் சுற்றில் அறுபத்து மூவர் வரிசையில் தண்டியடிகள் நிற்கிறார். திருவாரூரில் பிறவியிலேயே பார்வையில்லாமல் பிறந்தவர்; குளத்துக்குள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, இடையில் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்து குளத்தைத் தோண்டினார் என்று என் பாட்டி சொல்வார். அந்தக் கயிற்றையும் கம்பையும் மண்வெட்டியையும் பிடுங்கிக்கொண்டவர்களும் கதையில் வருகிறார்கள். கடைசியில் அவருக்குப் பார்வை கிடைத்ததாகக் கதை முடிகிறது. எனக்கு அந்த முடிவைவிட, பார்வை இல்லாத நாள்களில் அவர் கட்டிக்கொண்ட கயிறுதான் பெரிதாகப் படுகிறது. என் மனைவி கையில் இருக்கும் வடிகட்டியும் அப்படிப்பட்ட கயிறுதான். அந்த வரிசைக்கு முன்னால் நிறுத்தி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் காட்டினால் அவன் சிரிப்பான். இப்போது கொடிமரத்துக்கு அப்பால் போக முடியாததால் அதுவும் நின்றுபோயிற்று.

இனி, நான் கேட்பவை. பலகையின் முதல் வரியில், உடல்நிலை காரணமாக உணவின் பதத்தை மாற்றிச் சாப்பிட வேண்டியவர்கள் அதற்கான பாத்திரங்களையும் கருவிகளையும் கொண்டுவரலாம் என்று ஒரு தொடர் சேருங்கள். ஊழியரின் இரக்கத்துக்கு விடாமல் எழுத்திலேயே இருக்கட்டும், அவருக்கும் அதுதான் நிம்மதி. கூடத்தின் கடைசித் தூணுக்கு அருகில் ஒரு நாற்காலிக்கும் அதைச் சுற்றி இருவருக்கும் இடம் ஒதுக்கி, அங்கே உட்கார்பவர்களைப் பந்திக் கணக்கு வைத்து எழுப்பக் கூடாது என்று பரிமாறுகிறவர்களிடம் சொல்லிவையுங்கள். இரண்டாவது வரியை நீக்கிவிட்டு, வாசலில் ஒரு குழாயும் துடைக்கும் துணியும் வையுங்கள். சக்கரங்களை நாங்களே கழுவிக்கொள்கிறோம். திருவிழாப் பலகை கிடக்கும் இடத்தில் ஆண்டு முழுவதும் ஒரு மரச் சாய்தளம் இருக்கட்டும். உச்சிக்கால பூஜையில் மின் மேளம் தொடங்கும் நேரத்தை ஊழியர் முன்கூட்டியே எங்களுக்குச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். திடீர் ஓசையில் அவன் உடம்பு தூக்கிப்போடும், அந்த நேரத்தில் வாயில் சோறு இருந்தால் ஆபத்து. தெரிந்திருந்தால் ஊட்டுவதை நிறுத்தி அவன் காதைப் பொத்திக்கொள்வோம். பார்சல் முறையை எடுத்துவிடச் சொல்லவில்லை. விரும்புகிறவர்களுக்கு அது இருக்கட்டும், எங்களை அதற்குள் தள்ளாதீர்கள்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு அன்னாபிஷேகம் வருகிறது. லிங்கத்தின்மேல் சாத்திக் களைந்த சோற்றைத் தயிர் விட்டுப் பிசைந்து நீங்கள் தரும் பிரசாதத்தை நாங்கள் வடிகட்டி இல்லாமல், விரலாலேயே மசித்து அவனுக்குக் கொடுக்க முடியும். அன்று நாங்கள் மூவரும் வருவோம். அதற்கு முன்னதாக என் மனுவுக்கு எழுத்துமூலமான பதிலும், அந்தப் பலகையில் மேலே கேட்ட திருத்தமும் வேண்டும்.

இப்படிக்கு,
27 நாளுக்கு ஒருமுறை கடைசித் தூண் ஓரத்தில் உட்கார்ந்து வந்த ஒரு தகப்பன்